கொக்கிக்கு ஈடாக ஒரு பேணி

சுவரில் ஆறு ஆணிகள். ஐந்தில் பொருட்கள் தொங்கின. ஆறாவது வெறும் ஆணியாக நின்றது. அதற்கு நேர் கீழே இருந்த மரத்தட்டில் தண்ணீர் குடிக்கும் பித்தளை மூக்குப் பேணி ஒன்று உட்கார்ந்திருந்தது.

மதாம் ஓகினோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணி வரை பொறுப்பேன், அதற்குள் கொக்கி இந்த ஆணிக்கு வராவிட்டால் பொலிசைக் கூப்பிடுவேன் என்று பிரெஞ்சில் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் றோசலினுக்குப் பிடிக்கவில்லை. கத்துகிறவர்களை அவளுக்குச் சமாளிக்கத் தெரியும்.

அப்போது நேரம் இரண்டேகால்.

காணாமல் போனது ஓர் இரும்புக் கொக்கி. அதோடு காணாமல் போனவன், வாரத்தில் ஐந்து நாள் இந்தக் கூடத்தைக் கூட்டித் துடைக்கும் அருமைராசா. வியாழக்கிழமை மாலை வேலை முடித்துப் போனவன் பிறகு வரவில்லை. இன்று சனி. வருகிற வியாழக்கிழமை அவனுடைய அகதி விசாரணை. களவு வழக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று சொல்ல ஒரு சட்டத்தரணி தேவையில்லை.

"நல்ல பொடியன், நான் பொறுப்பு" என்று சொல்லி அவனை இங்கே சேர்த்துவிட்டவர் சண்முகலிங்கம். மட்டக்களப்பில் பதினாறு வருடம் பொலிஸ் உத்தியோகம் பார்த்தவர். மொன்றியலில் ஓர் ஆஸ்பத்திரியில் நிலம் துடைக்கிறார். வேலை நேரம் போக, தொலைந்த கடவுச்சீட்டிலிருந்து தொலைந்த புருஷன்வரை ஊர்ச்சனம் தேடித்தரச் சொல்வது இவரிடம்தான். அதே ஆஸ்பத்திரிச் சமையலறையில் தட்டுக் கழுவும் திருகோணமலை றோசலினுக்கு அவரைவிடப் பிரெஞ்சு நன்றாக வரும். அந்தத் தகுதியில் உதவியாளர் பதவியை அவளாகவே எடுத்துக்கொண்டாள். அவர் கொடுத்ததுமில்லை, பறித்ததுமில்லை.

சென்ட் லோரன்ட் வீதியில் ஒரு துணிக் கிடங்கின் மூன்றாம் மாடியில் இருந்தது அந்த நிஞ்சா பள்ளி. நிஞ்சா படங்கள் வீடியோக் கடைகளை நிறைத்திருந்த காலம் அது. நட்சத்திரத் தகடு எறியப் பழக வேண்டும் என்று பையன்கள் படியேறி வருவார்கள். மதாம் முதல் ஆறு மாதம் அவர்களுக்கு விழப் பழக்குவார். பாதிப் பேர் அதோடு போய்விடுவார்கள். புருஷன் நடத்திய பள்ளி. அவர் இறந்து மூன்று வருடமாகிறது. இப்போது மதாம்தான் ஆசிரியர்.

சண்முகலிங்கம் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மதாம் ஒவ்வொன்றையும் காட்டிச் சொன்னார். முகத்தை மறைக்கும் ஓலைத் தொப்பி. போன இடத்தில் குறிப்பெழுதக் கற்பென்சில். மருந்துச் சிமிழ். மூன்று அடித் துணி, அதில் தண்ணீரும் வடிகட்டலாம், காயமும் கட்டலாம், சுவரும் ஏறலாம். நெருப்பை அணையாமல் கொண்டுபோகும் மூங்கில் குழாய். கடைசியாகக் கயிறு கட்டிய மூன்று கவர்க் கொக்கி. இந்த ஆறும்தான் ஒரு நிஞ்சா பயணம் போகும்போது கையில் இருக்க வேண்டியவை. கத்தி இந்தக் கணக்கில் இல்லை.

"இதென்ன அண்ணை, நிஞ்சா எண்டா கறுப்பு உடுப்போட பறக்கிற ஆள் எண்டெல்லோ நினைச்சன்," என்றாள் றோசலின். "இது எங்கட மேசன்மாற்ற பை மாதிரிக் கிடக்கு."

"சத்தம் போடாம இரி புள்ள."

சண்முகலிங்கம் குனிந்து பேணியை எடுத்தார். பள்ளியின் பையன்கள் அதை எண்ணெய்க் குப்பி என்றார்களாம். சாம்பல் கிண்ணம் என்று ஒருவன் சிகரெட்டையும் தட்டியிருந்தான். அவர் சாம்பலைச் சட்டை விளிம்பால் துடைத்தார். பிறகு பேணியைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். பார்த்தவர் அதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இப்படி ஒரு பேணியை அண்மையில் எங்கோ கையில் எடுத்த ஞாபகம் றோசலினுக்கு வந்தது. எங்கே என்று வரவில்லை. எங்கள் ஊரில் யார் வீட்டில்தான் இது இல்லை என்று விட்டுவிட்டாள்.

"மதாமிட்டச் சொல்லு," என்றார் சண்முகலிங்கம். "கொக்கி களவு போகேல்ல. இரவல் போயிருக்கு."

அவள் சொன்னாள். மதாமின் புருவம் ஏறியது. மிச்சத்தை அவர் சொல்லச் சொல்ல றோசலின் பிரெஞ்சாக்கினாள். எங்கள் ஊரில் கிணற்றில் வாளி விழுந்தால் எடுக்க இதே போல ஒரு கொக்கி உண்டு. பாதாளக்கரண்டி என்போம். எல்லா வீட்டிலும் இருக்காது, நாலு தெருவுக்கு ஒரு வீட்டில் இருக்கும். இரவல் வாங்குகிறவர் தன் வீட்டுப் பாத்திரம் ஒன்றை ஈடாக வைத்துவிட்டுத்தான் எடுத்துப் போகலாம். வீட்டில் ஆள் இல்லாவிட்டால், கொக்கி தொங்கிய இடத்தில் பாத்திரத்தை வைத்துவிட்டு எடுப்பார்கள். அதைக் களவென்று யாரும் சொல்வதில்லை. பாத்திரத்தின் அடியில் பெயர் வெட்டியிருக்கும்.

"கள்ளன் பேர் எழுதின பாத்திரத்தை வைச்சிட்டுப் போகமாட்டான்," என்று முடித்தார். "இது அருமைராசாட தகப்பன்ர பேர். அவண்ட விண்ணப்பத்தை நிரப்பினவன் நான்."

மதாம் சற்று நேரம் வெறும் ஆணியைப் பார்த்தார். ஏன் கேட்கவில்லை என்றார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே.

றோசலினிடம் வேறொரு கேள்வி இருந்தது.

"அண்ணை, மொன்றியலில கிணறு எங்க? குழாய்க்குள்ளயே வாளியை விழுத்தினவர்?"

"அதைத்தான் தேடோணும். என்ன விழுந்தது, எதுக்குள்ள விழுந்தது."

கொக்கி எனக்கு முன்னால் வந்தால்தான் நம்புவேன் என்று சொல்லி மதாம் கார்ச் சாவியை எடுத்தார். அவருடைய சின்னக் காரில் மூவரும் அருமைராசா தங்கியிருந்த கோட்-டெ-நெய்ஜ் பகுதி நோக்கிப் போனார்கள். பின் இருக்கையில் முழங்கால் நாடியில் இடிக்க உட்கார்ந்திருந்த றோசலின், அந்தக் கொக்கி தங்கமா, இவ்வளவு பாடு படுகிறீர்களே என்று கேட்டாள்.

மதாம் வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல் கதை சொன்னார். இந்த வித்தையை ஜப்பானில் தொடங்கியவன் போரில் தோற்ற பக்கத்து ஆளாம். உயிர் தப்ப ஈகா என்ற மலைநாட்டுக்குள் ஓடி, அங்கிருந்தவர்களிடம் ஒளியவும் நடக்கவும் பழகினானாம். எண்ணூறு வருடத்துக்கு முந்திய கதை, எழுத்தில் இருப்பது முந்நூறு வருடம்தான், மற்றது வாய்க்கதை என்று அவரே சொன்னார். ஆனால் நானூறு வருடத்துக்கு முன் ஒரு பிரபு பெரும்படையோடு வந்து அந்த மலைநாட்டை எரித்தது வாய்க்கதை இல்லை. தப்பியவர்கள் நாலு திசையிலும் சிதறினார்கள். கத்தியோடு பிடிபட்டால் தலை போகும். தொப்பியோடும் துணியோடும் கொக்கியோடும் பிடிபட்டால் கமக்காரன், படகுக்காரன் என்று சொல்லலாம். அதனால்தான் இந்த ஆறு. புருஷன் ஜப்பானிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் வேறொன்றும் இருக்கவில்லை.

"அகதிச் சாமான்," என்றாள் றோசலின் தமிழில். முன் இருக்கையில் சண்முகலிங்கம் திரும்பவில்லை.

அருமைராசா இருந்தது நிலவறை வீடு ஒன்றில், ஐந்து பேரோடு. கதவைத் திறந்தவர் சிவநேசம். இரவு வேலை முடித்துப் படுத்தவர், கண் பாதி திறந்திருந்தது. அருமைராசாவைப் பற்றிக் கேட்டதும் மீதியும் திறந்தது.

அவன் சரியில்லை என்றார் சிவநேசம். ஒன்பது நாளாகச் சவரம் செய்யவில்லை. மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாத்திவிட்டு வெறும் நிலத்தில் படுக்கிறான். போன சனிக்கிழமை கோழிக்கறி வைத்தோம், தொடவில்லை. தனக்கென்று ஒரு பிடி அரிசி போட்டுக் காய்ச்சிக் குடிக்கிறான். முன்பு விளக்குக் கொளுத்துகிறவன் அவன்தான், இப்போது சாமிப்படம் இருக்கிற பக்கமே போவதில்லை. நேற்று விடியவே ஒரு பையோடு போனான், வரும்போது முழங்கால் வரை சேறு. இன்றைக்கும் போய்விட்டான்.

"ஊரில இருந்து கடிதம் ஏதும் வந்ததா?"

"ஒரு மாசமா ஒருத்தருக்கும் ஒண்டும் வரேல்ல அண்ணை."

சண்முகலிங்கம் சுவரில் சாத்தியிருந்த மெத்தையைப் பார்த்தபடி நின்றார்.

"காதல் தோல்வியாயிருக்கும்," என்றாள் றோசலின். "தாடி, பட்டினி, சேறு. எல்லாம் பொருந்துது."

"துடக்குக் காக்கிறான் புள்ள," என்றார் அவர் மெதுவாக. "உங்கட ஆக்களுக்குத் தெரியாது. செத்த வீட்டுக்காரன் இருக்கிற மாதிரி இருக்கிறான். கடிதம் வராம, ஊரில ஒருத்தரும் சாகாம, இவன் ஆருக்குத் துடக்குக் காக்கிறான்?"

ஒன்பது நாள். றோசலினின் நாக்கில் அடுத்த பகிடி தயாராக இருந்தது. அது அப்படியே நின்றது.

"அண்ணை, அந்தப் பேணியை ஒருக்காத் தாங்கோ."

அவர் எடுத்துக் கொடுத்தார். அவள் கவிழ்த்தாள். அடியில் உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்து. க. பூபாலசிங்கம்.

"இதே பேர் என்ர கட்டிலுக்குக் கீழ இருக்கு," என்றாள்.

ஒன்பது நாளுக்கு முன், பழைய கப்பல் கால்வாயில் குலேந்திரன் என்ற பையன் விழுந்தான். தொழிற்சாலை வேலை விட்டு வரும்போது, குறுக்குவழி என்று மதகின் மேலால் நடந்திருக்கிறான். சறுக்கியதை ஒரு லொறிக்காரன் கண்டான். சுழியோடிகள் மூன்று நாள் தேடினார்கள். கலங்கல் தண்ணீர், ஒரு முழத்துக்கு அப்பால் கண் தெரியவில்லை. இனி உறைந்துவிடும், வசந்தத்தில் பனி கரைய உடல் தானாக மேலே வரும் என்று சொல்லிவிட்டார்கள். அவனுக்கு இங்கே உறவென்று யாரும் இல்லை. நோத்ர-டாம்-த-கிரேஸில் அவன் இருந்த அறையை ஒழித்துக் கொடுக்கும்படி வீட்டுக்காரி றோசலினிடம்தான் கேட்டாள். இரண்டு சட்டை, ஒரு சீப்பு, ஒரு மூக்குப் பேணி. பேணியின் அடியில் இருந்த பெயரைப் படித்துவிட்டு, ஆரோ வீட்டுப் பேணியைக் கிளப்பிக்கொண்டு பொடியன் பிளேன் ஏறியிருக்கிறான் என்று சமையலறையில் எல்லோரையும் சிரிக்க வைத்தவளும் அவள்தான்.

தாய் இருவருக்கும் ஆளுக்கொன்று கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

குலேந்திரனுக்காக ஊர்ச்சனம் கூடிப் பிரார்த்தனை செய்தபோது அருமைராசாவும் வந்தான். சப்பாத்துகள் குவிந்த வாசலில், எல்லோருடைய ஈரக் குடைகளையும் வாங்கி அடுக்கியபடி கடைசிவரை நின்றான். உள்ளே வரவில்லை. வெட்கப்படுகிறான் என்று அவள் நினைத்திருந்தாள்.

"தம்பிக்காரன் குலேந்திரன் எண்டு வேற ஆளிட பாஸ்போட்டில வந்திருக்கிறான்," என்றார் சண்முகலிங்கம். "அந்தப் பேரிலயே அகதிக் கோரிக்கையும் குடுத்திருக்கிறான். இவன், தம்பி ஊரில இருக்கிறான் எண்டு சொன்னான். நானே எண்ட கையால எழுதினன். இப்ப அண்ணன் எண்டு வாய் திறந்தா இவண்ட கோரிக்கையும் பொய்யாப் போயிரும்."

காரில் றோசலின் எல்லாவற்றையும் மதாமுக்குச் சொன்னாள். மதாம் ஒரு மஞ்சள் விளக்கில் நிற்காமல் போனார்.

கால்வாயை அடைந்தபோது மூன்று ஐம்பது. கூரை இடிந்த தொழிற்சாலைகளுக்கு நடுவே தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. ஓரங்களில் கண்ணாடிபோல் மெல்லிய பனி பிடிக்கத் தொடங்கியிருந்தது. மதகிலிருந்து நூறு அடி தள்ளி, கல்லணையின் விளிம்பில், ஓர் உருவம் கயிற்றைப் பிடித்தபடி குனிந்து நின்றது. கயிற்றை மெல்ல அசைக்கும், நிறுத்தும், கையால் கேட்கும். பிறகு இரண்டடி தள்ளி நிற்கும். அவன் தேடி முடித்த இடத்துக்கெல்லாம் கல்லில் செங்கல் துண்டால் கோடு கிழித்திருந்தான். மதகிலிருந்து அவன் கால் வரை கோடுகள் வரிசையாக வந்தன. கிணற்றில் வாளி தேடும் முறை. இது கிணறு இல்லை.

மதாமைக் கண்டதும் அருமைராசா கயிற்றை இழுத்துச் சுருட்டினான். கொக்கியில் ஒட்டியிருந்த பாசியை விரலால் வழித்தெடுத்தான். பிறகு இரண்டு கையாலும் அதை மதாமிடம் நீட்டினான்.

"எல்லாம் தெரியும் மனே," என்றார் சண்முகலிங்கம்.

அவன் தலையாட்டினான். தெரிந்ததில் அவனுக்கு ஆச்சரியம் இருக்கவில்லை. களைப்புத்தான் இருந்தது.

"வசந்தத்தில வருவான் எண்டு சொல்லிட்டாங்க அண்ணை," என்றான். "அஞ்சு மாசம். பனிக்குக் கீழ அஞ்சு மாசம் அவனை விட்டுட்டு நான் மேல படுத்து நித்திரை கொள்ளவா? வெளியில எடுத்தாலும் எண்ட தம்பி எண்டு சொல்ல ஏலாது. அது தெரியும். எடுத்துப்போட்டு ஓடிருவம் எண்டுதான் வந்தன்."

மதாம் கொக்கியை வாங்கிக்கொண்டார். றோசலின் அவருடைய கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மதாம் பார்க்கவில்லை. கையுறையைக் கழற்றிக் கோட்டுப் பையில் வைத்தார், கயிற்றை அவிழ்த்துத் தன் இடது கையில் மறுபடி வளையம் வளையமாகச் சுற்றினார், எதிர்க்கரையைப் பார்த்தார்.

"அவர் அந்தப் பக்கம் தேடவில்லை," என்றார் றோசலினிடம். "அவருக்கு எட்டாது. எனக்கு எட்டும்."

கொக்கி ஒரு தரம் சுழன்று கையை விட்டது. சத்தமே இல்லாமல் எதிர்ச்சுவரின் அடியில், சுவரைத் தொடாமல் தண்ணீருக்குள் இறங்கியது. அருமைராசா அந்த எறியைப் பார்த்தான். பிறகு போய் அவருக்குப் பின்னால் கயிற்றின் கடைசியைப் பிடித்துக்கொண்டான்.

முதலில் ஒரு டயர் வந்தது. பிறகு ஒரு தகரம். பிறகு பல தரம் ஒன்றும் வரவில்லை. வெளிச்சம் குறைந்துகொண்டு போனது. மதாமின் விரல்கள் சிவந்து வீங்கின. றோசலின் தன் சால்வையைக் கிழித்து அவற்றில் சுற்றிவிட்டாள். ஐந்து மணி எப்போது கடந்தது என்று யாரும் கவனிக்கவில்லை.

பிறகு கயிறு நின்றது.

தகரம் மாட்டியபோது கயிறு சட்டென்று இறுகியது. இது அப்படி இறுகவில்லை. பாரமாக, மெதுவாக, வர மனமில்லாததுபோல் வந்தது. மதாம் தமக்குப் பின்னால் திரும்பிப் பார்த்து, அருமைராசாவின் கையைக் கண்டுபிடித்து, கயிற்றில் தன் கைக்கு முன்னால் வைத்தார். நாலு பேரும் இழுத்தார்கள்.

மண்ணிற ஸ்வெற்றர். கொக்கி அதன் தோளில் மாட்டியிருந்தது. சதையில் படவில்லை. அருமைராசா கல்லில் மண்டியிட்டு, தன் சட்டைக் கையால், முகத்திலிருந்த சேற்றைத் துடைத்தான். காதுக்குப் பின்னால் வரை துடைத்தான். றோசலின் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த ஜெபம் எல்லாம் அந்த நேரம் மறந்து போயிருந்தது.

சண்முகலிங்கம் தெப்பானர் என்கிற மூலைக்கடை ஒன்றைத் தேடிப்போய்ப் பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தார். திரும்பி வந்தவர் அருமைராசாவின் பக்கத்தில் குந்தினார்.

"அவங்க வர முதல் ஒண்டு சொல்லுறன், கேள். நீ ஊர் ஆள், தெரிஞ்ச ஆள். அவ்வளவுதான். குலேந்திரன் எண்டே அடக்கத்தை முடிப்பம். செலவெல்லாம் ஊர்ச்சனம் பாக்கும். உனக்கு வியாழக்கிழமை இருக்கு. உன்னையும் திருப்பி அனுப்பினாங்க எண்டா உங்கம்மாவுக்கு ஒருத்தரும் மிச்சமில்ல."

அருமைராசா தம்பியின் ஈரத் தலைமயிரை ஒதுக்கிவிட்டான்.

"கொள்ளி ஆர் வைக்கிற அண்ணை?" என்றான்.

பதினாறு வருடம் பொலிசில் இருந்த மனிதர் எழுந்து போய்த் தண்ணீர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

இரண்டு பொலிஸ்காரர்கள் வந்தார்கள். வயதானவர் தொப்பியைக் கழற்றிவிட்டு உடலுக்குப் பக்கத்தில் குனிந்தார். இளையவன் குறிப்புப் புத்தகத்தோடு றோசலினிடம் வந்தான். கண்டெடுத்தது யார், எதனால் என்றெல்லாம் கேட்டான். கயிறு என்னுடையது, இரவல் கொடுத்தேன் என்றார் மதாம் ஓகினோ. அவன் எழுதினான். பிறகு அருமைராசாவைப் பேனாவால் காட்டி, இறந்தவர் இவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டான்.

றோசலின் கேள்வியைத் தமிழில் சொன்னாள்.

"எண்ட தம்பி," என்றான் அருமைராசா. "பேர் ஆனந்தராசா."

மூன்று பேரும் அவள் வாயைப் பார்த்தார்கள். நாளெல்லாம் ஓயாத வாய். வியாழக்கிழமை இனி இவனுடைய கையில் இல்லை, என் நாக்கு நுனியில் இருக்கிறது என்று அவள் நினைத்தாள். தாய் ஒருத்தி இருக்கிறாள் என்றும் நினைத்தாள்.

"அமி," என்றாள். நண்பராம்.

பொலிஸ்காரன் எழுதக் குனிந்தான்.

அருமைராசா அவளைப் பார்த்தான். கோபம் இல்லை. ஈரக்கை ஒன்றை அவள் தோளில் வைத்து, மெல்ல ஒரு பக்கமாக விலக்கினான். உறவுச் சொற்களை அகதிகளுக்கான பிரெஞ்சு வகுப்பில் இரண்டாம் வாரமே சொல்லித்தருவார்கள்.

"நோ," என்றான். நெஞ்சில் கை வைத்தான். "ஃப்ரேர். மோன் ஃப்ரேர்." என் சகோதரன்.

பேனா நின்றது. பொலிஸ்காரன் பழைய பக்கம் ஒன்றைப் புரட்டினான். இவர் பெயர் குலேந்திரன், உறவினர் இல்லை என்றல்லவா இருக்கிறது என்று றோசலினைக் கேட்டான். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அது பிழை, வெட்டுங்கள் என்றாள். அவன் கோடு கிழித்தான். அவள் ஆனந்தராசாவையும் தகப்பன் பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொல்லத் தொடங்கினாள். பாதியில் அவன் நிமிர்ந்து, குளிரில் விரலை ஊதி, இவ்வளவு நீளமா, சுருக்கி எழுதலாமா என்று கேட்டான்.

கூடாது, ஓர் எழுத்தும் விடாமல் எழுதுங்கள் என்றாள் றோசலின்.

அவன் எழுதினான். கடைசி எழுத்து விழும்வரை அருமைராசா அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.